விலை சொல்லும் உரிமை

நுழையும்முன்

கடல்கடந்த வணிகம் தமிழருக்குப் புதிதன்று. மரக்கலத்தில் சென்ற பண்டங்கள் இன்று இணையத்தின் வழியே விலைபேசப்படுகின்றன. ஆயினும், பண்டத்தின் விலையை முடிவு செய்பவர் யார் என்னும் பழைய வினா இன்னும் மாறவில்லை. புதுச்சேரியின் வணிக வரலாற்றை முன்வைத்து, இன்றைய இணையப் பெருவிற்பனைகளில் அவ்வினாவின் பொருள் என்ன என்பதை ஆராய்கிறது இக்கட்டுரை.

உலகின் அறுவடைத் திங்கள்

அமெரிக்காவில் நவம்பர் மாதத்தின் நான்காம் வியாழக்கிழமை, நன்றி நவிலும் நாளாகக் கொண்டாடப்படுகிறது. அதற்கு மறுநாள் கடைகள் பெருந்தள்ளுபடியோடு விற்பனையைத் தொடங்குவது அந்நாட்டு வழக்கம். 'பிளாக் ஃபிரைடே' என்று பெயர்பெற்ற அவ்விற்பனை, இணையம் பரவியபின் ஐரோப்பாவிலும் பிற கண்டங்களிலும் வேரூன்றியது. அதையடுத்து வரும் திங்கட்கிழமைக்கு, இணைய வணிகர்கள் 2005ஆம் ஆண்டில் 'சைபர் மண்டே' எனப் பெயர் சூட்டினர். சீனாவின் அலிபாபா நிறுவனம் 2009 முதல் நவம்பர் 11ஆம் நாளைத் தன் பெருவிற்பனை நாளாக ஆக்கிக்கொண்டது. கிறித்துமசு பரிசுப் பொருள்களை வாங்கும் காலமும் இவற்றோடு இணைகிறது. இவ்வாறு நவம்பர், உலக இணைய வணிகத்தின் அறுவடைத் திங்களாகிவிட்டது.

அந்த அறுவடையில் பங்குபெறத் தக்க பண்டங்கள் புதுச்சேரியில் பல உள்ளன. வில்லியனூரின் சுடுமண் வேலைப்பாடுகளும் திருக்கனூரின் காகிதக்கூழ் கைவினைப் பொருள்களும் புவிசார் குறியீடு பெற்றவை. அரவிந்தர் ஆசிரமத்தின் கைவினைக் காகிதத் தொழிற்கூடம் 1959 முதல் பருத்தித் துணிக்கழிவைக் காகிதமாக்கி வருகிறது. ஆரோவில்லைச் சுற்றியுள்ள சிற்றூர்களில் ஊதுவத்தி, மெழுகுவத்தி, மட்கலம் ஆகியவற்றை உருவாக்கும் கைகள் ஏராளம். முன்பு இப்பண்டங்களை வெளிநாட்டுச் சுற்றுலாப் பயணியர் வந்து வாங்கினால்தான் உண்டு. இன்றோ அலைபேசியும் இணைய இணைப்பும் உள்ள ஒரு சிறு பட்டறை, பாரிசிலும் டொரன்டோவிலும் இருப்பவர் கண்முன் தன் பண்டத்தை வைக்க முடிகிறது.

இது பெரிய வாய்ப்பு என்பதில் ஐயமில்லை. ஆயினும் இச்சந்தையின் நாளைக் குறிப்பவர் கைவினைஞர் அல்லர். தள்ளுபடியின் அளவைத் தூண்டுபவரும் அவர் அல்லர். காலமும் விலையும் பிறர் கையில் இருக்கும் சந்தையில், பண்டத்தைப் படைத்தவரின் கூலியே முதலில் தேய்கிறது. ஆகவே, பெருவிற்பனையில் பங்கேற்பதா வேண்டாவா என்பது கேள்வியன்று. விலை சொல்லும் உரிமையைக் கைவிடாமல் பங்கேற்பது எவ்வாறு என்பதே கேள்வி. புதுச்சேரி இக்கேள்வியை முதன்முறையாக எதிர்கொள்ளவில்லை.

பொதுகேயும் லோரியானும்

புதுச்சேரிக்குத் தெற்கே அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் உள்ளது அரிக்கமேடு. 1945ஆம் ஆண்டில் மார்ட்டிமர் வீலர் அங்கு நடத்திய அகழாய்வு, உரோமாபுரி வணிகத்தின் தடங்களை உலகறியச் செய்தது. உரோமானியரின் மதுச்சாடிகளும் மெருகிட்ட மட்கலங்களும் அம்மண்ணில் கிடைத்தன. மணிகள் உருவாக்கப்பட்டதற்கான சான்றுகளும் கிடைத்தன. பொ.ஆ. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த 'பெரிப்ளூசு' என்னும் கிரேக்கக் கடற்பயண நூல் குறிப்பிடும் 'பொதுகே' என்னும் துறைமுகம் இதுவே என்பது ஆய்வாளர் பலரின் முடிவு. அதே நூற்றாண்டில் வாழ்ந்த உரோமானிய அறிஞர் பிளினி, இந்தியப் பண்டங்களுக்காக ஆண்டுதோறும் 5 கோடி செசுடெர்சு நாணயம் செலவாவதாகக் குறைபட்டுக்கொண்டார். அப்பண்டங்கள் உரோமில் அவற்றின் அடக்க விலையைப்போல் நூறு மடங்குக்கு விற்கப்படுவதாகவும் அவர் எழுதியுள்ளார். அக்கூற்றில் மிகை இருக்கலாம். எனினும், மணியைத் துளையிட்டவரின் கைக்கு அந்த நூறு மடங்கு வந்து சேரவில்லை என்பது உறுதி.

ஆயிரத்து அறுநூறு ஆண்டுகளுக்குப் பின்பு அதே கடற்கரையில் மற்றொரு வணிகம் தழைத்தது. 1664இல் நிறுவப்பட்ட பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் குழுமம், பிரான்சுவா மர்த்தேன் தலைமையில் 1674இல் புதுச்சேரியில் நிலைகொண்டது. குழுமத்தின் முதன்மைப் பண்டம் பருத்தித் துணி. குழுமம் உள்ளூர் வணிகருக்கு முன்பணம் தந்தது. வணிகர் நெசவாளருக்கு முன்பணம் தந்தனர். நெய்து வந்த துணி, மாதிரித் துணியோடு ஒப்பிடப்பட்டுத் தரம் பிரிக்கப்பட்டது, ஒவ்வாதது கழிக்கப்பட்டது. தேர்ந்த துணி பொதிகளாகக் கட்டப்பட்டுச் சலங்குகள் வழியாகக் கப்பலேறியது. குழுமத்தின் துபாசியாக விளங்கிய ஆனந்தரங்கர் 1736 முதல் எழுதிய நாட்குறிப்பில், கப்பல்களின் வருகையும் துணிப்பொதிகளின் கணக்கும் இடையறாது இடம்பெறுகின்றன.

அப்பொதிகள் சென்று சேர்ந்த இடம், பிரான்சின் மேற்குக் கரையிலுள்ள லோரியான் துறைமுகம். 1730கள் முதல் அங்கு ஆண்டுதோறும் இலையுதிர் காலத்தில் குழுமத்தின் பெருவிற்பனை நடைபெற்றது. கோடையில் கரைசேர்ந்த கப்பல்களின் சரக்கு பகுதி பகுதியாக ஏலம் விடப்பட்டது. பிரான்சின் பல நகரங்களிலிருந்து வணிகர் திரண்டு வந்து விலை கேட்டனர். பெருவிற்பனை நாளுக்காக உலகின் சரக்கெல்லாம் ஓரிடத்தில் குவிவதும், வாங்குவோர் அந்நாளுக்காகக் காத்திருப்பதும் இணையத்தின் கண்டுபிடிப்புகள் அல்ல என்பதற்கு லோரியான் சான்று.

அந்த ஏலத்தில் தன் துணிக்கு என்ன விலை கிடைத்தது என்பது புதுச்சேரி நெசவாளருக்குத் தெரியாது. அதை யார் வாங்கினார், எதற்கு வாங்கினார் என்பதும் தெரியாது. 'கினே' எனப்பட்ட நீலத் துணியின் ஒரு பகுதி, ஆப்பிரிக்கக் கரைகளில் மனிதரை விலைக்கு வாங்கும் அடிமை வணிகத்திற்குப் பண்டமாற்றாகச் சென்றது. தறியில் அமர்ந்தவர் அறியாமலேயே அவர் உழைப்பு அக்கொடுமைக்குத் துணைபோயிற்று. சந்தையைப் பற்றிய அறிவு ஒருபுறமும் உழைப்பு மறுபுறமுமாகப் பிரிந்து கிடந்ததன் விளைவு இது. இன்றைய கைவினைஞருக்கு அன்றைய நெசவாளரிடம் இல்லாத ஒன்று வாய்த்திருக்கிறது. தன் பண்டம் பாரிசில் என்ன விலைக்கு விற்கிறது என்பதை அவர் தன் உள்ளங்கையிலேயே பார்த்துவிட முடிகிறது. அந்த அறிவை அவர் பயன்கொள்வதே முதற்பணி.

மழையும் நாட்காட்டியும்

நவம்பர், மேலைநாடுகளுக்கு விற்பனைக் காலம். புதுச்சேரிக்கோ வடகிழக்குப் பருவமழைக் காலம். பாய்க்கப்பல் நாள்களில், ஐப்பசியிலும் கார்த்திகையிலும் இக்கரையோரம் நங்கூரமிடக் கப்பல்கள் அஞ்சின. புதுச்சேரியில் அன்று காப்புள்ள துறைமுகம் இல்லை. திறந்த கடலே துறையாக இருந்தது. ஆகவே, புயல் ஓயும்வரை காத்திருந்து சரக்கேற்றும் வழக்கத்தை வணிகர் கைக்கொண்டனர்.

2024ஆம் ஆண்டின் 'பிளாக் ஃபிரைடே' நவம்பர் 29ஆம் நாள் வந்தது. அதற்கு மறுநாள் இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது. ஒரே நாளில் 45 செ.மீ.க்கும் மிகுதியான மழை கொட்டி, நகரம் வெள்ளத்தில் மிதந்தது. உலகம் பொருள் வாங்கிக் குவித்துக்கொண்டிருந்த அதே நாள்களில், புதுச்சேரியின் தெருக்களில் மீட்புப் படகுகள் சென்றன.

புயல் வாராத ஆண்டிலும் ஈரம் வாராமல் இருப்பதில்லை. சுடுமண் பொருள் சூளையேறுமுன் நன்கு உலரவேண்டும். உள்ளே ஈரம் தங்கினால் தீயில் வெடிக்கும். காகிதக்கூழ்ப் பொம்மையின் ஒவ்வோர் அடுக்கும் காய்ந்த பின்னரே அடுத்த அடுக்கை ஏற்றவேண்டும். கைவினைக் காகிதத்திற்கும் சாயத் துணிக்கும் அதே நிலைதான். நவம்பரில் வரும் வேண்டுகைக்கு நவம்பரில் பண்டம் செய்ய முயல்பவர், இயற்கையோடும் நாட்காட்டியோடும் ஒரே நேரத்தில் போரிடுகிறார். அப்போரில் தரம் குன்றுகிறது. குறித்த நாளில் பண்டம் சேராமல் வாங்குவோரின் நம்பிக்கையும் குன்றுகிறது.

ஆகவே, இக்கரையின் கைவினைஞருக்குப் பெருவிற்பனை ஆனியிலும் ஆடியிலும் தொடங்கவேண்டும். வெயில் உள்ளபோதே வனைந்து, புரட்டாசிக்குள் சுட்டு, சிப்பங்கட்டி, கையிருப்பைக் கணக்கிட்டு வைத்துவிட வேண்டும். கையிருப்பு தீர்ந்ததும் விற்பனையை நிறுத்திவிடும் துணிவும் வேண்டும். 'காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்' என்பது பழமொழி. தூற்றுவதற்கு நெல் முன்பே களத்தில் இருக்கவேண்டும் என்பது அதில் சொல்லாமல் விடப்பட்ட பாதி.

தள்ளுபடியின் கணக்கு

தள்ளுபடி என்பது வாங்குவோருக்கு ஒரு விழுக்காடு. விற்போருக்கோ அது ஒரு வெட்டு. அந்த வெட்டு எங்கே விழுகிறது என்பதை ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கின் வழியாகக் காணலாம்.

ஒரு சுடுமண் விளக்கின் விலை 2000 ரூபாய் எனக் கொள்வோம். மண், வண்ணம், சூளைச் செலவு 400 ரூபாய். செய்தவர் கூலி 600 ரூபாய். வெளிநாட்டுக்கு அனுப்பும் செலவை விற்பவரே ஏற்பதால் சிப்பத்திற்கும் அஞ்சலுக்கும் 500 ரூபாய். இணையச் சந்தைக்குரிய தரகு 15 விழுக்காடு, அதாவது 300 ரூபாய். இவற்றின் கூட்டுத்தொகை 1800 ரூபாய். பட்டறைக்கு எஞ்சுவது 200 ரூபாய்.

இப்போது பெருவிற்பனைக்காக 30 விழுக்காடு தள்ளுபடி அறிவிக்கப்படுகிறது. விலை 1400 ரூபாயாகிறது. தரகு 210 ரூபாயாகக் குறைகிறது. மண்ணின் விலையும் அஞ்சல் கட்டணமும் குறைவதில்லை. மொத்தச் செலவு 1710 ரூபாய். இழப்பு 310 ரூபாய். பட்டறை தன் ஆதாயத்தை முற்றிலும் கைவிட்டும் இந்த இழப்பு எஞ்சுகிறது. அதை ஈடுசெய்யக் கைவைக்கக் கூடிய ஒரே இடம் கூலி. 600 ரூபாயாக இருந்த கூலி 290 ரூபாயாகச் சுருங்குகிறது. வாங்குவோர் காணும் வெட்டு 30 விழுக்காடு. வனைந்தவர் காணும் வெட்டு 50 விழுக்காட்டுக்கும் மேல்.

எந்திரத்தில் இலட்சக்கணக்கில் செய்யப்படும் பொருளுக்கு இக்கணக்கு வேறு. எண்ணிக்கை கூடக்கூட ஒவ்வொரு பொருளின் அடக்க விலையும் குறைவதால், அந்நிறுவனம் தள்ளுபடியைத் தாங்கும். கைவினைப் பொருளில் நூறாவது விளக்கிற்கும் முதல் விளக்கிற்கு ஆன அதே நேரம் ஆகிறது. எனவே, பெருநிறுவனம் ஆடும் ஆட்டத்தை அதே விதிகளோடு ஆடப் புகும் கைவினைஞர் தோற்பது உறுதி.

தள்ளுபடி இல்லையெனில் எவரும் திரும்பிப் பார்க்கமாட்டார் என்னும் மறுப்பு எழுவது இயல்பே. தேடுபொறிகளும் இணையச் சந்தைகளும் தள்ளுபடிப் பண்டங்களையே முன்வரிசையில் நிறுத்துகின்றன என்பது உண்மை. ஆயின், விலையைக் குறைப்பது மட்டுமே சலுகையாகாது. இரண்டு விளக்குகளை ஒரே சிப்பத்தில் அனுப்பினால் மிச்சமாகும் அஞ்சல் கட்டணத்தை வாங்குவோரோடு பகிர்ந்துகொள்ளலாம். முன்கூட்டியே பதிவு செய்வோருக்கு மட்டும் சிறு சலுகை அளிக்கலாம். அரிய வடிவம் ஒன்றை அக்காலத்திற்கென வரையறுத்த எண்ணிக்கையில் வெளியிடலாம். இவை எவற்றிலும் கூலி குறைவதில்லை. கூலிக்குக் கீழே விலை இறங்காது என்னும் கோட்டைத் தெளிவாக வரைந்துகொண்ட பின்னரே சலுகையைப் பற்றிச் சிந்திக்கவேண்டும்.

அக்கரைச் சட்டம்

கடல்கடந்து விற்பவர் இரண்டு நாட்டுச் சட்டங்களுக்குக் கட்டுப்பட்டவர். 1686ஆம் ஆண்டில் பிரெஞ்சு அரசு, தன் நாட்டுப் பட்டு, கம்பளித் தொழில்களைக் காக்கும்பொருட்டு இந்தியாவின் அச்சு, ஓவியத் துணிகளுக்குத் தடைவிதித்தது. அத்தடை 1759 வரை நீடித்தது. பிரான்சில் இடப்பட்ட ஒரு கையொப்பம் சோழமண்டலக் கரையின் வண்ணத் தொழிலைப் பாதித்தது.

இன்றும் அந்நிலை மாறவில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் 22 யூரோ வரையிலான இறக்குமதிக்கு இருந்த வரிவிலக்கு 2021 சூலை 1 முதல் நீங்கியது. அமெரிக்காவில் 800 டாலர் வரையிலான சிறு சிப்பங்களுக்கு இருந்த சுங்கவரி விலக்கு 2025 ஆகத்து 29 முதல் எல்லா நாடுகளுக்கும் நிறுத்தப்பட்டது. பெருநிறுவனங்களுக்கு இவை ஒரு செலவினம். ஒற்றைச் சிப்பத்தை நம்பி வாழும் பட்டறைக்கோ வாழ்வாதாரச் சிக்கல். 2020ஆம் ஆண்டில் கொரோனா ஊரடங்கின்போது, மூடிக்கிடந்த சிறு கடைகளுக்கு நீதி வேண்டும் என்னும் குரல் எழவே, பிரான்சு நாட்டில் 'பிளாக் ஃபிரைடே' விற்பனை ஒரு வாரம் தள்ளிவைக்கப்பட்டது. தங்கள் சிறு வணிகருக்காக அந்நாட்டார் நாட்காட்டியையே மாற்றினர் என்பது எண்ணத்தக்கது.

எல்லாச் சட்டங்களும் தடைகள் அல்ல. நேர்மையாளருக்குத் துணைநிற்பவையும் உண்டு. விலையை முதலில் உயர்த்திப் பிறகு குறைத்ததாகக் காட்டும் ஏமாற்று எங்கும் உள்ளது. அதைத் தடுக்க, தள்ளுபடி அறிவிக்கும்போது அதற்கு முந்தைய 30 நாள்களில் நிலவிய மிகக் குறைந்த விலையையும் காட்டவேண்டும் என்னும் விதி 2022 மே முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் நடைமுறைக்கு வந்தது. இணையத்தில் வாங்கிய பொருளைக் காரணம் கூறாமலே 14 நாள்களுக்குள் திருப்பித்தரும் உரிமையும் அங்குள்ள வாங்குவோருக்கு உண்டு. பாரிசிலிருந்து வில்லியனூருக்குத் திரும்பி வரும் ஒரு விளக்கின் அஞ்சல் செலவு, விளக்கின் விலையையே விஞ்சக்கூடும். அளவு, நிறம், எடை ஆகியவற்றை உள்ளவாறே எழுதுவதும், உண்மை நிறத்தைக் காட்டும் ஒளிப்படம் எடுப்பதும் அறம் மட்டுமல்ல. இழப்பைத் தடுக்கும் வழியுமாகும்.

பெயரே முதல்

தள்ளுபடிக்கு மாற்றாகக் கைவினைஞரிடம் உள்ள பெருஞ்செல்வம் பெயர். அதற்கும் புதுச்சேரியே சான்று. 19ஆம் நூற்றாண்டில் புதுச்சேரியின் நீலத் துணி, மேற்கு ஆப்பிரிக்காவின் செனகல் ஆற்றங்கரையில் பிசினுக்கு மாற்றாக விலைபோயிற்று. அங்குப் பணமாகவே வழங்கியது. ஐரோப்பிய ஆலைகள் அதைப்போன்ற துணிகளை நெய்து அனுப்பின. ஆயினும் அம்மக்கள் நிறத்தாலும் மணத்தாலும் தொட்டுணர்வாலும் புதுச்சேரித் துணியைப் பிரித்தறிந்து, அதையே வேண்டினர். அங்கு விற்றது மலிவன்று, நம்பிக்கை.

இன்று அந்நம்பிக்கையின் சட்டவடிவமே புவிசார் குறியீடு. அக்குறியீடு சான்றிதழாகச் சுவரில் தொங்கினால் பயனில்லை. ஒவ்வொரு சிப்பத்திலும் ஒவ்வோர் இணையப் பக்கத்திலும் அது பேசவேண்டும். எந்த ஊர் மண், யாருடைய கை, எத்தனை நாள் உழைப்பு என்பவற்றை வாங்குவோர் மொழியிலேயே கூறும்போது, விலை தன்னைத்தானே விளக்கிக்கொள்கிறது. பிரெஞ்சு மொழி இன்றும் பள்ளிகளில் கற்பிக்கப்படும் இந்நகரத்திற்கு இது எளிதில் கைகூடும். வில்லியனூர் முதியவரின் கைத்திறனையும் அவர் பேரப்பிள்ளைகளின் மொழியறிவையும் ஒரு கூட்டுறவு இணைக்குமானால், இணையத்தில் அதற்கு நிகரான விளம்பரம் வேறில்லை. ஏற்றுமதிப் பதிவு எண் பெறுதல், அஞ்சலக ஏற்றுமதி மையங்களைப் பயன்படுத்துதல், சுங்கப் படிவம் நிரப்புதல் ஆகியவற்றைத் தனியொருவர் கற்பது கடினம். இருபது பட்டறைகள் கூடினால் ஒருவர் கற்பது போதும்.

எட்டு மணி நேரம்

பெருவிற்பனைக் காலத்தில் விலையைப்போலவே வெட்டுக்குள்ளாகும் மற்றொன்று உறக்கம். வேண்டுகைகள் குவியும்போது பட்டறைகளில் விளக்கு அணைவதில்லை. சிப்பங்கட்டும் பெண்கள் நள்ளிரவு கடந்தும் வேலை செய்கின்றனர். வீட்டிலேயே செய்யும் வேலைக்கு நேரக்கணக்கும் இல்லை.

1936 சூலை 30 அன்று, எட்டு மணி நேர வேலை உள்ளிட்ட உரிமைகளுக்காகப் போராடிய புதுச்சேரிப் பஞ்சாலைத் தொழிலாளர்மீது பிரெஞ்சுக் குடியேற்ற அரசின் படையினர் சுட்டனர். 12 தொழிலாளர் உயிரீந்தனர். அப்போராட்டத்தின் பயனாக எட்டு மணி நேர வேலை பிரெஞ்சிந்தியாவில் சட்டமாயிற்று. 1898இல் தோன்றிய ஆங்கிலோ-பிரெஞ்சுப் பஞ்சாலை 2020இல் மூடப்பட்டுவிட்டது. ஆலை மறைந்தாலும், அங்கு வெல்லப்பட்ட உரிமை மறைதல் கூடாது. உயிர் கொடுத்துப் பெற்ற எட்டு மணி நேரத்தை, அயல்நாட்டு விற்பனை நாள் ஒன்றிற்காகப் புதுச்சேரி ஓசையின்றி இழப்பது பொருந்தாது. கூலியின் அடித்தளத்தைப் போலவே வேலை நேரத்தின் எல்லையும் பண்டத்தின் விலைக்குள் அடங்கவேண்டும்.

உலகச் சந்தை கதவைத் திறந்துவைத்திருக்கிறது. அதைப் புறக்கணிப்பது அறிவுடைமை ஆகாது. தலைகுனிந்து நுழைவதும் ஆகாது. பருவத்தை அறிந்து முன்னரே செய்து, அக்கரைச் சட்டத்தைக் கற்று, கூலிக்குக் கீழ் இறங்காத விலையைக் குறித்து, ஊரின் பெயரைப் பொறித்து அனுப்பும் கைவினைஞருக்கு அது வாழ்வளிக்கும் சந்தை. லோரியான் ஏலக்கூடத்தில் ஒலிக்காத நெசவாளரின் குரல், இணையச் சந்தையில் ஒலிப்பதற்கு இன்று வழி இருக்கிறது. அக்குரல் கூறவேண்டிய முதற்சொல், தன் உழைப்பின் விலை.